கரீம் பாய் வீட்டுக் கொசு

தேசப்பன் கொசு பிடித்துச் சம்பளம் வாங்கினவன். கேலிக்குச் சொல்லவில்லை, அதுதான் அவன் உத்தியோகம்.

எங்க சித்தப்பாவுக்கு நாலு ஆண் பிள்ளை. மூத்தவனைக் கடல் கொண்டுபோனது. இரண்டாமவனைச் சாராயம். நாலாமவன் காசிமேட்டில் பெண் கட்டி அங்கேயே தங்கிவிட்டான். மூன்றாமவன்தான் தேசப்பன். என் அப்பாவும் அவன் அப்பாவும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள், அதனால் நான் அவனுக்கு அக்கா. பட்டினப்பாக்கத்துக் கரையில் பிறந்துவிட்டு, அலை தாண்டினால் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பான். மூன்று தடவை கட்டுமரத்தில் ஏற்றிப் பார்த்த சித்தப்பா, "இவனை வலையில போட்டாக்கூட மீன் வராது" என்று விட்டுவிட்டார். யாரோ சொல்லி, பூச்சி ஆபீஸில் தினக்கூலிக்குச் சேர்ந்தான்.

வேலை என்னவென்றால், விடியற்காலை ஆறு மணிக்கு மயிலாப்பூர், மந்தைவெளி வீடுகளுக்குப் போக வேண்டும். கையில் ஒரு டார்ச், ஒரு கண்ணாடிக் குழாய். குழாயின் பின்னால் ரப்பர் டியூப், நடுவில் வலைத்துணி. கொடியில் தொங்குகிற துணிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், சாமி படத்துக்குப் பின்னால், ராத்திரி ரத்தம் குடித்துவிட்டு வயிறு உப்பி உட்கார்ந்திருக்கும் கொசுக்களை வாயால் உறிஞ்சிக் குழாயில் பிடிக்க வேண்டும். பிறகு அதைச் சின்னச் சீசாவில் ஊதி அடைத்து, எந்த வீடு, எத்தனை மணி என்று சீட்டு எழுதி ஒட்ட வேண்டும். ஆபீஸில் பரத்வாஜ் என்று ஒரு ஐயர் பிள்ளை. அவர் ஒவ்வொரு கொசுவையும் ஊசியால் கிழித்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். உள்ளே யானைக்கால் புழு இருக்கிறதா என்று பார்க்கத்தான் இத்தனை பாடும்.

மார்க்கெட்டில் என் மீன் பலகைக்குப் பக்கத்தில் அவன் சைக்கிளை நிறுத்தினால் போதும், பெண்கள் விடமாட்டார்கள்.

"இன்னா தேசப்பா, இன்னிக்குப் பாடு எப்படி? வஞ்சிரம் சைஸ்ல எதுனா மாட்டிச்சா?"

"உன் வூட்டாண்டதான் போறேன். அங்கதான் நல்லா ரத்தம் குடிச்ச கொசு கீது. உன் புருஷனையே குடிச்சிட்டல்ல!"

சிரிப்பான், சிரிக்க வைப்பான். அப்படிப்பட்ட பிள்ளை.

கெங்கம்மாவைக் கட்டிக்கொண்டு கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் குடிபோனான். ஒரே அறை, தகரக் கூரை. பின்சுவரை ஒட்டிக் கறுப்புத் தண்ணீர் ஓடும். ஓடும் என்று சொல்வதே தப்பு, நிற்கும். ஆஷா பிறந்தது அங்கேதான். ஒரே பெண்.

அவன் செய்த தப்பு அந்த வீட்டிலிருந்துதான் ஆரம்பித்தது. வீட்டுக்குப் பத்து நிமிஷம், ஒரு காலைக்குப் பன்னிரண்டு வீடு என்று ஆபீஸில் கணக்கு. மழை நாளிலும் பனி நாளிலும் கொசு கிடைக்காது. வெறும் சீசா கொண்டுபோனால், "தூங்கினியா?" என்று மேலே இருப்பவர் திட்டுவார். தேசப்பன் ஒரு வழி கண்டுபிடித்தான். வேலைக்குக் கிளம்பும் முன்பே, தன் வீட்டில் கெங்கம்மா புடவைக் கொடிக்குப் பின்னால் இருபது முப்பது கொசுவை உறிஞ்சி வைத்துக்கொள்வான். எந்த வீட்டில் குறைகிறதோ, அந்த வீட்டுச் சீசாவில் இதிலிருந்து ஐந்தாறு ஊதிவிடுவான். ஆபீஸில் பிடிக்கிற வேலைக்கு இருந்த நாலு பேரும் இப்படித்தான் என்று அவனே சொல்லுவான். "எங்க புடிச்சா இன்னா யக்கா, எல்லாம் கொசுதானே" என்பான். எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

அவன் லிஸ்டில் இருந்த வீடுகளில் ஒன்று அப்துல் கரீம் பாயுடையது. மந்தைவெளியில் முன்னால் தையல் கடை, பின்னால் வீடு. ஆஷா ஸ்கூல் யூனிஃபார்ம் எல்லாம் அவர் கையால் தைத்ததுதான். வளர்கிற பிள்ளை என்று அடியில் நாலு விரல் துணி மடித்து விட்டுத் தைப்பார். அவர் வீட்டில் தினமும் பொழுது சாய்ந்ததும் சாம்பிராணி போடுவார்கள், கொசு தங்காது. அதோடு விடிகாலையில் பெண்கள் இருக்கும் அறைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு போகத் தேசப்பனுக்குக் கூச்சம். பாயும் உள்ளே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் அவன் ஒரு நாளும் உள்ளே போனதில்லை. கடை வாசலில் நின்று டீ குடித்துவிட்டு, அந்த வீட்டுச் சீசாவை முழுக்கத் தன் வீட்டுக் கொசுவாலேயே நிரப்பிவிடுவான். சிநேகிதத்துக்குச் செய்த மரியாதை என்றுதான் நினைத்தான்.

சுனாமி வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும், ஒரு தை மாதம். பரத்வாஜ் ஒரு கொசுவைக் கிழித்தார். வயிற்றில் ரத்தம் இன்னும் சிவப்பாகவே இருந்ததாம். அதற்குள் நூல் மாதிரி புழு நெளிந்தது. தேசப்பனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியா? நேத்து ராத்திரி குடிச்ச ரத்தம். எங்கேர்ந்தோ பறந்து வந்த புழு இல்லே. வளந்த புழுவா இருந்தா வேற எங்கயோ பன்னெண்டு நாள் முன்னாடி குடிச்சிருக்கும்னு சொல்லலாம். இது அந்த ஆத்துலயே யாரோ ஒருத்தர் உடம்புலேர்ந்து வந்திருக்கு."

சீசாவில் ஒட்டியிருந்த சீட்டைத் திருப்பினார். கரீம் பாய் வீட்டு நம்பர்.

தேசப்பன் அந்த நம்பரைப் பார்த்தான். அந்தச் சீசாவில் இருந்த ஒரு கொசுகூடப் பாய் வீட்டுடையது இல்லை. அப்படியானால் புழு இருப்பது தன் வீட்டில். கெங்கம்மாவா, ஆஷாவா, தானா?

அந்த இடத்திலேயே வாயைத் திறந்திருந்தால் கதை வேறு. திறக்கவில்லை.

அந்தப் புழு ராத்திரியில்தான் ரத்தத்தின் மேலே வருமாம், பகலில் எடுத்தால் தெரியாதாம். அதனால் ஒன்பது மணிக்கு மேல் ஜீப் வந்தது. பாய் வீட்டிலும் சுற்றியுள்ள பத்து வீட்டிலும் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். பாயின் மகள் சகினாவுக்கு அப்போது இருபது வயசு. ஆம்பூரில் மாப்பிள்ளை பார்த்து, நிக்காஹ்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. ராத்திரி வேளையில் தெரியாத ஆண்கள் முன்னால் கை நீட்ட மாட்டேன் என்று அது உள்ளேயே இருந்துவிட்டது. நியாயம்தானே. மறுநாள் ஒரு நர்ஸம்மா வந்து அதற்கும் எடுத்தார்கள். யாருக்கும் எதுவும் இல்லை. ஆனால் நடுவில் இருந்த அந்த ஒரு நாளில் தெரு முழுக்கப் பேச்சு.

"பொண்ணு ஏன் குத்திக்கல? பொண்ணுக்குத்தான் கீது."

ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும், கொசு அந்த வீட்டுடையது என்பதால், எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் பன்னிரண்டு நாள் மாத்திரை கொடுத்தார்கள். தினமும் ஒரு ஆள் வந்து, எதிரில் நின்று முழுங்க வைத்துவிட்டுப் போவான். கடைக்குத் துணி கொடுத்தவர்கள் தைக்காமலே திருப்பி வாங்கிப் போனார்கள். யானைக்கால் வீடு என்று பெயர் வைத்தாகிவிட்டது.

பாய் தேசப்பனைத் தேடி மார்க்கெட்டுக்கே வந்தார். என் பலகைக்கு எதிரில்தான் பேசினார்கள்.

"தேசப்பா, நீ எங்க வூட்டுக்குள்ளாறவே வந்ததில்லையே. கொசுவை எங்கப்பா புடிச்ச?"

தேசப்பன் என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"வாசல்ல ஸ்கிரீன் தொங்குதே பாய், அதுக்குப் பின்னாடி."

பாய் தலையை ஆட்டிக்கொண்டார். "அந்த ஸ்கிரீனை எரிச்சுடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே எரித்தும்விட்டார்.

அவர் போனதும் தேசப்பன் என்னிடம் எல்லாவற்றையும் கொட்டினான். நான் சங்கரா மீன் செதில் எடுத்துக்கொண்டு கேட்டேன்.

"இப்போ போய்ச் சொன்னா இன்னா ஆவும்?" என்றேன்.

"பதினாலு வருஷமாப் பொய் எழுதினேன்னு ஆவும். இந்தத் தடவை பெர்மனென்ட் லிஸ்ட்ல பேரு கீது யக்கா, அது போயிடும். ஜீப்பு என் வூட்டுக்கு வரும். அப்புறம் ஆஷாவை எவன் கட்டுவான்?"

"அப்போ வாயை மூடு. உனக்கும் ஒரு பொண்ணு கீது."

நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

ஆனாலும் அவனுக்கு அடங்கவில்லை. ஆபீஸ் அலமாரியிலிருந்து மாத்திரையை மறைத்துக் கொண்டுவந்தான். அந்த மாத்திரை புழு இல்லாதவனை ஒன்றும் செய்யாது. புழு இருக்கிறவனுக்கு, உள்ளே புழுக்கள் சாகச் சாக ஜுரம் வரும். யாருக்கு இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டான். பூச்சி மாத்திரை என்று சொல்லி கெங்கம்மாவுக்கும் ஆஷாவுக்கும் கொடுத்தான். தானும் முழுங்கினான்.

கெங்கம்மா பிற்பாடு என்னிடம் சொன்னாள்: "எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆவலை அண்ணி. இவருக்குத்தான் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. ரெண்டு போர்வை போத்தியும் பல்லு கிட்டுது. தொடை இடுக்குல எலுமிச்சங்கா மாதிரி நெறி கட்டிக்கிச்சு. இன்னா ஏதுன்னு கேட்டா, பேசாதே படுன்னாரு."

இருந்தது அவனிடம்தான்.

தெரிந்துவிட்டதல்லவா, பன்னிரண்டு நாள் முழுங்கியிருந்தால் அவன் மட்டுமாவது சுத்தமாகியிருப்பான். மறுநாள் ஜுரத்தோடு ஆபீஸுக்குப் போனான், லீவு போட்டால் சந்தேகம் வரும் என்று. பரத்வாஜ் நிமிர்ந்து பார்த்து, "என்னய்யா, கண்ணெல்லாம் செவந்திருக்கு? நம்ம மாத்திரையைத் தின்னுட்டியா?" என்று சிரித்திருக்கிறார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் அந்த ஆபீஸில் தரை கூட்டுகிற ஆயாவுக்குக்கூடத் தெரியும், அந்த மாத்திரை தின்று ஜுரம் வந்தால் என்ன அர்த்தம் என்று. இன்னும் பதினோரு நாள் இந்த முகத்தோடு அங்கே நடமாட முடியாது என்று பயந்து, மீதி மாத்திரையைக் கால்வாயில் எறிந்துவிட்டான். லிஸ்ட் வந்ததும் தின்னுக்கலாம் என்று நினைத்தான். லிஸ்ட் வந்தது. பிறகு ஆஷாவுக்கு வரன் முடியட்டும் என்று நினைத்தான். இப்படியே தள்ளிப்போனது.

ஆம்பூர்க்காரர்கள் அடுத்த வெள்ளிக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர், கூட இரண்டு பெண்கள். பெண்ணின் காலைப் பார்க்க வேண்டும் என்றார்கள். பாய் தையல் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். உள் அறையில் சகினாவை நாற்காலியில் உட்கார வைத்து, முழங்கால் வரைக்கும் துணியைத் தூக்கி, அந்த இரண்டு பெண்களும் குந்தி உட்கார்ந்து இரண்டு காலையும் அமுக்கி அமுக்கிப் பார்த்தார்கள். காய்கறியைப்போல என்று பாய் சம்சாரம் என்னிடம் அழுதாள். கால் சுத்தமாக இருந்தது.

தேசப்பன் எதிர் டீக்கடையில் நின்றிருந்தான். பாய் அவனைப் பார்த்து ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

"இதோ, இவரு அந்த ஆபீஸ் ஆளுதான். எங்க வூட்டைப் பத்தி இவருக்கு நல்லாத் தெரியும். நீயே சொல்லு தேசப்பா."

அந்தப் பெரியவர் பொறுமையாகத்தான் கேட்டிருக்கிறார்: "ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி. அந்தக் கொசு இந்த வீட்டுதுதானா?"

கரீம் பாய் இன்னும் கையை விடவில்லை. உள்ளே திரை போன வாசலில் சகினா நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"ரிப்போர்ட்ல அப்படித்தான் கீதுங்க" என்றான் தேசப்பன்.

"இன்னிக்குக் கால் நல்லாத்தான் இருக்கு. பின்னால வந்தா யாரு பொறுப்பு?" என்று பெரியவர் எழுந்துவிட்டார். கொண்டுவந்த இனிப்புப் பெட்டியைக்கூடத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த வருஷமே பாய் கடையைக் காலி பண்ணிக்கொண்டு, நங்கநல்லூர் பக்கம் ஒரு சந்துக்குப் போய்விட்டார். சகினாவுக்கு வேறு வரன் வந்தது, விசாரித்தார்கள், போனார்கள். பிறகு வருவதும் நின்றது.

தேசப்பனுக்கு வேலை நிரந்தரமானது. ஆஷாவை வடபழனியில் பிரபு என்று சினிமாவில் லைட் தூக்குகிற பையனுக்குக் கட்டிக்கொடுத்தோம். முருகன் கோயிலில் தாலி. நல்ல பையன் என்றுதான் எல்லோரும் சொன்னோம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து பூஜாவைப் பெற்றுக்கொண்டு போனாள். அதற்கு இரண்டாம் வருஷம் அவளுக்கு இடது காலில் கணுக்கால் வீங்கியது. நின்று வேலை செய்கிறதால் என்று நினைத்தாள். வீக்கம் வடியவில்லை, ஏறியது. மாதத்துக்கு ஒரு தடவை குளிர் ஜுரம், கால் சிவந்து நெருப்பாய்க் கொதிக்கும். ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல வேற யாருக்காவது இருந்திருக்கா?"

ஆஷா இல்லை என்றாள். பக்கத்தில் தேசப்பன் உட்கார்ந்திருந்தான்.

பிறந்ததிலிருந்து கல்யாணம் ஆகும்வரை ஒரே அறையில் தூக்கம். அவனைக் கடித்த கொசு, பத்துப் பன்னிரண்டு நாள் அந்தப் புழுவை வயிற்றில் வளர்த்துக்கொண்டு அவளைக் கடித்திருக்கிறது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருஷக்கணக்காக. இதெல்லாம் தேசப்பனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இதுதானே அவன் உத்தியோகம்.

வடபழனியில் மாமியார்க்காரி முதலில் தட்டைத் தனியாக வைத்தாள், பிறகு படுக்கையைத் தனியாகப் போட்டாள். "கால் வடியட்டும், வந்து இட்டுக்கினு போறேன்" என்று பிரபு ஒரு நாள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். வரவே இல்லை. பூஜாவையும் அனுப்பவில்லை. ஒட்டிக்கும் என்றார்கள். தொட்டால் ஒட்டாது, கொசு இல்லாமல் வராது என்று தேசப்பன் அங்கே போய் வாசலில் நின்று கத்தினான். "நீ ஒண்ணும் எங்களுக்குப் பாடம் நடத்தாத" என்று கதவைச் சாத்தினார்கள்.

சாயங்காலம் ஆனால் பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் வைத்து, சோப்புப் போட்டு, அந்தக் காலை அவனே கழுவுவான். விரல் இடுக்கில் ஈரம் தங்கினால் புண் வரும் என்று துணியால் ஒற்றி ஒற்றித் துடைப்பான். போன ஆடி மாதம் அப்படித் துடைத்துக்கொண்டிருக்கும்போது நானும் இருந்தேன். ஆஷா சட்டென்று கேட்டாள்.

"நைனா, அன்னிக்கு எங்களுக்கு ஒரு மாத்திரை குடுத்தியே, பூச்சி மாத்திரைன்னு. இப்போ டாக்டரம்மா குடுக்கிறதும் அதேதான். எப்படி?"

அவன் துணியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். ஒன்று விடாமல் சொன்னான். ஆஷா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. காலை இழுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கும் தெரியுமா அத்தே?"

"தெரியும்."

"சகினாக்காகிட்ட யாராச்சும் சொன்னீங்களா?"

தேசப்பன் கீழே வைத்த துணியை மறுபடி எடுத்தான்.

"சொல்லிட்டு வா நைனா. அதுவரைக்கும் என் காலைத் தொடாதே."

மறுநாள் பகலில் நானும் தேசப்பனும் பஸ் ஏறினோம். விசாரித்து விசாரித்து அந்தச் சந்தைக் கண்டுபிடிக்க மதியம் ஆகிவிட்டது. சின்ன வீடு. சுவர் முழுக்க ரவிக்கைத் துணி தொங்கியது. மிஷினில் சகினா. தலையில் முன்பக்கம் நரை விழுந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டது.

"தேசப்பன் மாமா! வாங்க. அத்தாவைப் பாக்க வந்தீங்களா? கொரோனாவுல போயிட்டாரே, தெரியாதா?"

தெரியாது. அவனும் நானும் தரையில் உட்கார்ந்தோம். பாய் இல்லை என்றால் சொல்லாமலே திரும்பிவிடுவானோ என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. சொன்னான். சீசாவை, வீட்டுக் கொசுவை, ஸ்கிரீன் என்று சொன்ன பொய்யை, தன் ரத்தத்தில் இருந்த புழுவை, ஆஷாவின் காலை. சகினா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டது. நானும் என் பங்கைச் சொன்னேன், நான்தான் இவன் வாயை மூடச் சொன்னேன் என்று. அது என் பக்கம் திரும்பவே இல்லை.

"அந்த மாத்திரையை நான் பன்னெண்டு நாள் முழுங்கினேன்" என்றது. "நீங்க?"

"ஒரு நாள்."

சகினா மிஷின் மேல் கிடந்த இஞ்சு டேப்பை எடுத்து விரலில் சுற்றியது, பிரித்தது.

"அத்தா மாசம் பொறந்தா என்னை உட்கார வெச்சு ரெண்டு காலையும் அளப்பாரு மாமா. கணுக்கால் ஒரு அளவு, அதுக்கு மேல ஒரு அளவு. எட்டரை. எப்போ அளந்தாலும் எட்டரைதான். அளந்துட்டு, இந்த மாசம் தப்பிச்சோம்னுவாரு. ஆஸ்பத்திரிக்கு ஏத்தறதுக்கு மொத நாளு மூச்சு வாங்கிக்கினே அளந்தாரு. அவருக்குக் கடைசிவரைக்கும் என் மேல நம்பிக்கையே வரலை. எனக்கும்தான், குளிக்கறப்ப எல்லாம் காலைத்தான் பாப்பேன்."

தேசப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். காலில் விழப்போனவனை நான் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"என்னை இன்னா வேணா சொல்லும்மா."

"உங்களை இன்னா மாமா சொல்றது? இதை அவருகிட்ட சொல்லியிருக்கலாம். நாலு வருஷம் முன்னாடி வந்திருந்தாக்கூட இருந்தாரு."

உள்ளேயிருந்து பாய் சம்சாரத்தின் குரல் வந்தது. கண் சரியாகத் தெரியவில்லை போல. "யாரும்மா வந்திருக்காங்க?"

"யாரும் இல்லேம்மா" என்றது சகினா. "துணி கேட்டு வந்தாங்க. போயிட்டாங்க."

மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. நாங்கள் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம்.